வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே சிறார் எழுத்து: கடலூர், புதுச்சேரிப் பகுதி எழுத்தாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைகளுக்காகக் கதையோ பாடலோ எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கும், ஓரிரு படைப்புகள் வெளிவந்தபின் அடுத்ததை முடிக்க நேரமின்றித் தவிப்பவர்களுக்கும் உரியது இவ்வழிகாட்டி. கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் அறிந்த சிறார் எழுத்தாளர்கள் எல்லோருக்கும் வேறொரு முழுநேர வேலை இருக்கிறது. பள்ளி ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், சிப்காட் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர், வீட்டையும் முதியவர்களையும் கவனிப்பவர் என அவர்களுடைய பகற்பொழுது முன்னரே பங்கிடப்பட்டுவிட்டது.

புதியவர்களில் திறமை போதாமல் நின்றுபோனவர் மிகச் சிலரே. வேலைகளின் வரிசையை மாற்றிச் செய்து களைத்துப்போனவர்களே அதிகம். நாளொன்றுக்கு இத்தனை பக்கம் என்று முதலில் இலக்கு வைத்துவிட்டு, அதற்கான நேரத்தைப் பின்னர் தேடுகிறார்கள். நேரம் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, வீட்டாரோடு பேசி, அதற்குப் பொருந்தும் எழுத்து வடிவத்தைத் தேர்ந்தபின் இலக்கு வைப்பதே சரியான வரிசை. கீழ்க்காணும் படிகளை அந்த வரிசையிலேயே செய்ய வேண்டுகிறேன்.

முன்னதாக வேண்டியவை

கைப்பையில் அடங்கும் ஒரு சிறு குறிப்பேடு, வரைவுக்கென ஒரு லாங் சைஸ் நோட்டு, தமிழில் தட்டச்சு செய்யவும் குரலைப் பதிவு செய்யவும் இயலும் செல்போன் ஆகியவை போதும். மடிக்கணினியும் எழுதுமேசையும் வாங்கிய பிறகே தொடங்குவதென்று காத்திருப்பவர்கள் அந்தக் காத்திருப்பிலேயே ஓர் ஆண்டைக் கழித்துவிடுகிறார்கள்.

காலண்டர் தனியாக வேண்டியதில்லை. பால் கணக்கும், காஸ் சிலிண்டர் பதிவு செய்த தேதியும், பிள்ளைகளின் தேர்வு நாளும் குறிக்கப்படும் அதே சுவர்க் காலண்டரில்தான் எழுதும் நேரமும் இடம்பெற வேண்டும். உங்கள் செல்போனுக்குள் இருக்கும் அட்டவணையை வீட்டில் வேறு எவரும் பார்ப்பதில்லை. சுவரில் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். திருமண நாளும் எழுத்து நாளும் மோதுவது முன்னரே தெரிந்துவிடும்.

இவற்றோடு ஒரு நூலக உறுப்பினர் அட்டையும் தேவை. கடலூரில் இருப்பவர்கள் மாவட்ட மைய நூலகத்திலும், புதுச்சேரியில் இருப்பவர்கள் ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் சேரலாம். இன்றைய சிறார் நூல்களைப் படிப்பது இதன் ஒரு பயன். வீடு விருந்தினரால் நிறைந்திருக்கும் நாளில் உட்கார்ந்து எழுத ஓர் இடம் கிடைப்பது மற்றொரு பயன்.

1. ஒரு வாரத்தை உள்ளபடி எழுதிப் பாருங்கள்

திட்டம் எதுவும் போடுவதற்கு முன்னர், ஒரு வாரம் முழுவதும் எழுந்தது முதல் படுப்பது வரை எந்த நேரம் எதற்குப் போகிறது என்பதைச் சிறு குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். ஷிப்ட் மாறும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வாரம் போதாது. காலை, பிற்பகல், இரவு என்று ஒரு முழுச் சுற்று வரும்வரை பதிவு தொடர வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் நாம் விரும்பும் வாரம் வருமேயன்றி, வாழும் வாரம் வராது.

பதிவு முடிந்ததும் அதில் மூன்று வகை நேரங்களைத் தனித்தனியே குறியிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரமாவது இடையூறின்றி இருக்கக்கூடியது முழு நேரம். பத்து, பதினைந்து நிமிடமாகச் சிதறிக் கிடப்பது துண்டு நேரம். கை வேலையில் இருக்க, மனம் ஓய்வாக இருப்பது மூன்றாம் வகை: பாத்திரம் துலக்குவது, நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பது, துணி மடிப்பது போன்றவை. பின்வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவை நம்பியே அமைந்துள்ளன.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நாள்தோறும் பேருந்தில் போய்வருபவர்கள், பயண நேரத்தை ஒரே வகையாக எண்ணிவிடக் கூடாது. கடலூர்ப் பேருந்து நிலையத்திலேயே ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைத்தால் அது துண்டு நேரம். அச்செடுத்த வரைவை மடியில் வைத்துத் திருத்தலாம். வழியில் ரெட்டிச்சாவடியிலோ கிருமாம்பாக்கத்திலோ ஏறி நின்றுகொண்டே போகிறவருக்கு அது மூன்றாம் வகையாகிறது. அடுத்த வரியை மனத்தில் ஓட்டிப் பார்க்க மட்டுமே அது பயன்படும்.

உறக்கத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். நள்ளிரவு வரை விழித்திருந்து எழுதிய பக்கங்கள் மறுநாள் அலுவலகத்தில் சோர்வாகவும் மாலையில் பிள்ளைகள் மேல் கோபமாகவும் திரும்பி வருவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். குழந்தைகளுக்காக எழுதுகிறவரின் வீட்டுக் குழந்தைகள் அதன் விலையைக் கொடுக்க நேர்வது எனக்கு ஏற்புடையதன்று.

2. வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்

பதிவில் கண்ட முழு நேரங்களில் வாரத்துக்கு இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றுக்காக வீட்டாரிடம் பேசுங்கள். ஐந்தாறு நேரம் கேட்டால் முதல் வாரத்திலேயே பாதி தவறும். தவறியவற்றை எண்ணி நீங்களும் வருந்துவீர்கள், வீட்டாரும் அந்த ஏற்பாட்டை மதிக்க மாட்டார்கள். இரண்டு நேரம் என்பது எளிதில் காப்பாற்றக்கூடியது.

கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். “எனக்கு எழுத ஒத்துழைப்பு வேண்டும்” என்று பொதுவாகச் சொன்னால், எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள் என்பது எவருக்கும் விளங்காது. “செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்து முதல் ஆறேகால் வரை நான் மாடியறையில் இருப்பேன். அத்தை, அந்த இரண்டு நாளும் பால் வாங்கிக் காய்ச்சி வைத்துவிடுங்கள், காபி நான் வந்து போட்டுக்கொள்கிறேன்” என்று சொன்னால் அவருக்குத் தம் பங்கு எதுவென்று தெரிகிறது, அது அளவோடு இருப்பதும் தெரிகிறது.

கேட்பதற்கு ஈடாகத் தருவதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஞாயிறு காலை மீன் வாங்கி வந்து ஆய்வது இனி உங்கள் பொறுப்பாகலாம். சனிக்கிழமை மாலையைத் துணைவரோ துணைவியாரோ தமக்கென்று வைத்துக்கொள்ளலாம். எழுதுகிறவருக்கு மட்டும் தனி நேரம், மற்றவர்களுக்கு வீட்டு வேலை என்றிருக்கும் ஏற்பாடு நெடுநாள் நிற்பதில்லை. குறிப்பாக எழுதுபவர் ஆணாக இருக்கும் வீடுகளில் இந்த ஈடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

எழுதும் பெண்கள் பலர் வேறொரு தடையைச் சந்திக்கிறார்கள். எழுத்தால் வருமானம் வராத காலத்தில் அதை ஒரு வேலையாகக் குடும்பம் ஏற்பதில்லை. அதனால் அவர்கள் கேட்கவே தயங்கி, எல்லோரும் உறங்கிய பின் மறைவாக எழுதுகிறார்கள். மறைவாக எடுத்த நேரத்தைக் காக்க யாரும் வரமாட்டார்கள், அது மறைவாகவே பறிபோகும். வருமானத்தைப் பற்றி வாக்குறுதி எதுவும் தராமல், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று கெடு வைத்துக் கேட்பது பெரும்பாலான வீடுகளில் பலன் தருகிறது. முடிவுக் காலம் தெரிந்த ஒன்றுக்கு இசைவது எவருக்கும் எளிது.

3. பணியிடத்தின் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது சுருக்கமான படி. ஆயினும் முதல் கைப்பிரதியை அனுப்புவதற்கு முன்னரே முடிக்க வேண்டியது. அரசுப் பணியில் இருப்பவர்கள் தத்தம் துறையின் நடத்தை விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அலுவல் கடமைகள் பாதிக்கப்படாத வகையில் அவ்வப்போது இலக்கியப் பணி செய்வதை முன் அனுமதியின்றியே ஏற்கின்றன. மாநில அரசுப் பணிக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் விதிகள் வேறு. எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தால் தெரிவித்து, அதன் நகலைக் கோப்பில் வையுங்கள்.

பணியின் பகுதியாக எழுதியது எதுவோ, உங்கள் சொந்தப் படைப்பு எதுவோ, இரண்டையும் கலக்காதீர்கள். மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, பணிக்கடமையாக எழுதியவற்றின் பதிப்புரிமை பணி தருபவருக்கே உரியது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. பள்ளிக்காகவோ பயிற்சிக்காகவோ கதைகள் எழுதித் தரும் ஆசிரியர்களுக்கு இது முக்கியம். அலுவலகக் கணினியையும் அச்சுப்பொறியையும் சொந்த எழுத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

4. உங்கள் நேரத்துக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் மிகுதியானவர்கள் தடுமாறுகிறார்கள். சிறார் நூல் சிறியது, ஆகவே விரைவில் முடியும் என்று நம்பி, வேலை மிகுந்த காலத்தில் படக்கதையைத் தொடங்குகிறார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்கான படக்கதை இருநூறு, முந்நூறு சொற்களில் முடிந்துவிடலாம். ஆனால் அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பலமுறை உரக்கப் படித்து, படம் சொல்லிவிடுவதை எழுத்திலிருந்து நீக்கி, பக்கம் புரட்டும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். சொற்கள் குறையக் குறைய ஒவ்வொரு சொல்லும் எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது.

கை வேலையும் ஓய்ந்த மனமும் சேர்ந்த நேரமே உங்களிடம் மிகுதி என்றால், பாடல் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். எதுகையும் மோனையும் சந்தமும் வரிகளைத் தாமே நினைவில் பிடித்து வைப்பதால், தாள் இல்லாமலே எட்டு வரிகளை மனத்தில் கட்டவும் மாற்றவும் முடியும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கிப் பணியில் இருந்துகொண்டே தம் பாடல்களை எழுதினார் என்பதை, அலுவலக வாழ்வோடு பொருந்தும் வடிவம் எது என்று யோசிப்பவர்கள் நினைவில் கொள்ளலாம்.

துண்டு நேரங்கள் மிகுதியாக இருப்பவர்களுக்குச் சிறுகதை பொருந்தும். எட்டு முதல் பத்து வயதுக்கான கதையை அறுநூறு முதல் ஆயிரம் சொற்களுக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம். காட்சிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இருநூறு சொற்களுக்குள் அடங்கும். ஒரு காட்சியை ஓர் அமர்வில் முடிக்கலாம்.

சிறார் நாவலை, வாரத்துக்கு இரண்டு முழு நேரங்களாவது உறுதியாகக் கிடைத்த பின்னரே தொடங்க வேண்டும். பத்து அத்தியாயங்களில் யாருக்கு என்ன தெரியும், எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் மனத்தில் சுமந்தாக வேண்டும். அமர்வுகளுக்கு நடுவே பத்து நாள் இடைவெளி விழுந்தால், கிடைக்கும் நேரம் முழுவதும் பழையதை நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே போய்விடும்.

எந்த வடிவமானாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கையில் இருக்கட்டும். அளவு பற்றி ஐயம் இருப்பவர்கள், தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்களைப் பார்க்கலாம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளதால், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு வாக்கியம் எப்படி நீள்கிறது என்பதைக் கண்ணெதிரே காணலாம்.

5. வேலையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் அதற்குரிய நேரத்தில் வையுங்கள்

“எழுதுதல்” என்று காலண்டரில் குறித்தால் அந்த நேரம் வரும்போது எதைச் செய்வதென்று விளங்காது. கவனித்தல், வரைவு எழுதுதல், உரக்கப் படித்தல், வாக்கியம் சுருக்குதல், ஒற்றுப்பிழை நீக்குதல், அனுப்புதல் என்பவை தனித்தனி வேலைகள். அவற்றுக்கு வேண்டிய மனநிலையும் இடமும் வேறுவேறு.

வரைவுக்கு மட்டுமே முழு நேரம் தேவை. அந்த அருமையான நேரத்தில் ஒற்றுப்பிழை பார்ப்பதும், பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்புவதும், முதல் பத்தியையே திரும்பத் திரும்ப மெருகேற்றுவதும் பெரும் விரயம். அவற்றைத் துண்டு நேரத்துக்குத் தள்ளுங்கள்.

உரக்கப் படிப்பதற்கு எவரும் இல்லாத இடம் வேண்டும். மொட்டை மாடியே நம் வீடுகளில் அதற்கு ஏற்றது. செல்போனில் பதிவு செய்துகொண்டால், மறுநாள் நடைப்பயிற்சியின்போதோ சமைக்கும்போதோ கேட்கலாம். மூச்சு வாங்கும் இடம், நாக்கு இடறும் இடம், நீங்களே சலிப்படையும் இடம் மூன்றும் காதில் தெளிவாக விழும். தமிழில் சொற்கள் சேர்ந்து நீளும் இயல்புடையவை என்பதால், வாசிக்கப் பழகும் குழந்தைக்கு “எடுத்துக்கொண்டுவந்துவிட்டாள்” என்பது ஒரு தடை. இத்தகைய சொற்களை “எடுத்து வந்தாள்” என்று மாற்றுவது பேருந்திலேயே செய்யக்கூடிய வேலை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடலூர் முதுநகரில் வசித்து, புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றும், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் சிறுகதை எழுதுகிறார் என்று கொள்வோம். செவ்வாய் அதிகாலை அவர் ஒரு காட்சியின் வரைவை நோட்டில் எழுதுகிறார். புதன் மாலைப் பேருந்தில் இடம் கிடைத்தால் அதைச் செல்போனில் தட்டச்சு செய்கிறார். கிடைக்காவிட்டால் அடுத்த காட்சி எங்கே தொடங்கும் என்று மட்டும் யோசிக்கிறார். வெள்ளி அதிகாலை இரண்டாம் காட்சி. சனிக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போகும்போது இரண்டையும் உரக்கப் படித்துப் பதிவு செய்கிறார். ஞாயிறு அவர் எழுத்தைத் தொடுவதில்லை. திங்கள் உணவு இடைவேளையில் சுருக்க வேண்டிய வாக்கியங்களை அடிக்கோடிடுகிறார். இந்த வேகத்தில் ஐந்து காட்சிகள் கொண்ட ஒரு கதையின் முதல் வரைவு மூன்று வாரத்தில் முடியும். இவ்வளவுக்கும் அவர் வீட்டிடம் கேட்டது இரண்டு அதிகாலைகளை மட்டுமே.

ஒவ்வொரு அமர்வின் இறுதி ஐந்து நிமிடங்களை, அடுத்து எழுத வேண்டியதை ஒரே வரியில் குறித்துவைக்கப் பயன்படுத்துங்கள். “பூனை கிணற்றடியில் இருப்பது தங்கைக்கு மட்டும் தெரியும், அண்ணன் இன்னும் சந்தையில்” என்பது போதும். நான்கு நாள் கழித்து உட்காரும்போது, இவ்வரி இருந்தால் உடனே தொடங்கலாம். இல்லையென்றால் பழைய பக்கங்களைப் படித்து முடிப்பதற்குள் பால்காரர் வந்துவிடுவார்.

6. ஆண்டு முழுவதையும் ஒரு முறை திட்டமிடுங்கள்

வார அட்டவணை பழகிய பின்னரே ஆண்டைப் பாருங்கள். எல்லா மாதங்களும் ஒரே அளவு எழுத்தைத் தாங்கும் என்று எண்ணுவது நம் கடலோரத்துக்குப் பொருந்தாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மின்தடை வரும், ஆட்சியர் விடுமுறை அறிவித்த காலையில் பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். இம்மாதங்களில் முடிவுத் தேதி எதையும் ஒப்புக்கொள்ளாமல், கையால் எழுதும் வரைவையும் வாசிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2015 நவம்பரில் மழை வெள்ளமும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளமும் இப்பகுதி வீடுகளுக்குள் என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். எனவே மழைக்கு முன் நோட்டுகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இட்டுப் பரண்மேல் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து, வெளியூரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

தமிழ்ப் பதிப்பகங்கள் சென்னைப் புத்தகக் காட்சியை முன்னிட்டு ஆண்டின் கடைசி மாதங்களில் அச்சு வேலையில் மூழ்கியிருக்கும். அப்போது அனுப்பும் கைப்பிரதி படிக்கப்படாமல் கிடக்கும் வாய்ப்பு மிகுதி. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அனுப்புவது நல்லது. நவம்பர் 14 குழந்தைகள் நாளுக்கான படைப்பை இதழ்களுக்கு ஆகஸ்ட் இறுதிக்குள்ளாகவே அனுப்பிவிட வேண்டும்; ஓவியர் படம் வரையவும் அவகாசம் வேண்டுமல்லவா?

வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், மார்ச், ஏப்ரலை எழுத்துக் கணக்கிலிருந்து முழுவதும் நீக்கிவிடுங்கள். மே மாதத்தில் பிள்ளைகள் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார்கள், கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்ளும். அதிகாலை தவிர வேறு நேரம் உதவாது. ஆனால் கவனித்தலுக்கு மே மாதத்தைப் போல வேறு மாதமில்லை: தெருவிளையாட்டு, சண்டை, சமாதானம், புதிய வசைச் சொற்கள், புதிய விளையாட்டு விதிகள் எல்லாம் அப்போது கண்முன்னே நடக்கும்.

மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த எழுத்தாளர்களுக்கு இக்கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்பணி குறைந்தாலும், வலை பழுதுபார்ப்பும் கடன் கவலையும் வீட்டில் கூடும். அந்த இரண்டு மாதங்களை ஓய்வுக் காலம் என்று பிறர் சொல்வதை நம்பித் திட்டமிட வேண்டாம். முதல் படியில் சொன்ன பதிவைத் தடைக்காலத்துக்கென்று தனியாக ஒரு முறை செய்யுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இப்பகுதியில் ஒப்பீட்டளவில் அமைதியான காலம். பெரிய வேலை எதுவாக இருந்தாலும் அதன் முதல் வரைவை இங்கே வையுங்கள்.

7. சொந்தப் பிள்ளைகளை வாசகர்களாக்கும்போது எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்

வீட்டில் குழந்தை இருப்பது சிறார் எழுத்தாளருக்குப் பேறுதான்; ஆயினும் அதைப் பயன்படுத்தும் முறையில் கவனம் வேண்டும். இரவில் கதை படிக்கும் நேரம் குழந்தைக்குச் சொந்தமானது. அந்த நேரத்தில் எப்போதும் உங்கள் வரைவையே படித்து, அவள் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தால், அது தேர்வறை என்று குழந்தை விரைவில் கண்டுகொள்ளும். மற்றவர்கள் எழுதிய நூல்களையே பெரும்பாலான இரவுகளில் படியுங்கள். உங்கள் வரைவுக்கு மாதம் ஓரிரவு போதும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படித்து முடித்ததும் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதில் பயனில்லை. அம்மாவோ அப்பாவோ வருந்தக் கூடாதென்று குழந்தை “நன்றாக இருக்கிறது” என்றே சொல்லும். மறுநாள் மாலை அதே கதையைத் தன் தம்பிக்கோ தாத்தாவுக்கோ சொல்லச் சொல்லுங்கள். அவள் விட்டுவிடும் பகுதி உங்கள் வரைவில் தேவையில்லாதது. தானாகச் சேர்க்கும் பகுதி நீங்கள் எழுத மறந்தது. என் அனுபவத்தில் இதற்கு நிகரான சோதனை வேறில்லை.

பிள்ளையின் அச்சமோ, படுக்கையை நனைத்ததோ, தோழியோடு நேர்ந்த மனக்கசப்போ கதைக்குள் வரும்போது, அவளுடைய இசைவைக் கேளுங்கள்; ஏழு வயதுப் பிள்ளைக்கும் வேண்டாமென்று சொல்லும் உரிமை உண்டு. பெயரை மட்டும் மாற்றுவது போதாது, வகுப்பில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். ஆசிரியராக இருப்பவர்கள் தம் வகுப்பு மாணவர்கள் குறித்தும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். வகுப்பில் வரைவைப் படித்துக் காட்டுவதாக இருந்தால் தலைமையாசிரியரின் அனுமதி பெறுங்கள்.

8. எழுத்தாக மாறாத ஒரு பொழுதுபோக்கை வைத்திருங்கள்

நேரம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் கைவிடுவது பொழுதுபோக்கைத்தான். கைவிடாதவர்களோ அதையும் எழுத்துக்கான மூலப்பொருளாக மாற்றிவிடுகிறார்கள். பின்னது எனக்குக் கூடுதல் கவலையைத் தருகிறது, ஏனெனில் அது உழைப்பு போலத் தோன்றுவதால் எவரும் தடுப்பதில்லை.

ஊசுட்டேரிக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகளைப் பார்க்கப் போகிறவர் ஒருவர், ஒவ்வொரு பறவையையும் கதைப்பாத்திரமாக்க எண்ணத் தொடங்கினால், சில வாரங்களில் பறவை பார்ப்பதன் மகிழ்ச்சி வற்றிவிடும். அங்கும் முடிவுத் தேதியின் அழுத்தம் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் காலையிலும் மனத்தில் நிற்பது எதுவோ அதை அப்போது எழுதிக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுக்கும் பொழுதுபோக்கு, திரையும் எழுத்தும் இல்லாததாக இருப்பது நன்று. பகலில் கணினி, பேருந்தில் செல்போன், இரவில் நோட்டு என்றிருக்கும் கண்ணுக்கும் கழுத்துக்கும் வேறு அசைவு வேண்டும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் காலை நடை, இறகுப்பந்து, மாடித் தோட்டம், கோலம், மிருதங்கம் எதுவாகவும் இருக்கலாம். சுவர்க் காலண்டரில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள். எழுதும் நேரம் தவறியதை ஈடுகட்ட அந்த இடத்தை எடுக்கக் கூடாது.

9. ஏற்பாடு தடைப்படும்போது செய்ய வேண்டியவை

காய்ச்சல், உறவினர் மறைவு, ஆண்டு இறுதிக் கணக்கு, பள்ளி ஆய்வு என்று ஏதோவொன்றால் ஏற்பாடு தடைப்பட்டே தீரும். தடைப்பட்ட வாரத்தின் வேலையை அடுத்த வாரத்தோடு சேர்த்து இரட்டிப்பாக்காதீர்கள். அடுத்த வாரத்திலும் இரண்டு முழு நேரங்களே உள்ளன; இரட்டிப்பு வேலை அதில் அடங்காது, மறுபடியும் தோற்றோம் என்ற எண்ணமே மிஞ்சும்.

ஒரு வாரம் மட்டும் விடுபட்டிருந்தால், குறித்துவைத்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு அங்கிருந்து தொடரலாம். இரண்டு, மூன்று வாரம் விடுபட்டிருந்தால், முதல் அமர்வில் புதிதாக எதுவும் எழுதாமல், இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக் குரலைப் பதிவு செய்யுங்கள். கதையின் நடை காதுக்குத் திரும்பிய பின் எழுதினால், முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் குரல் மாறாது. ஒரு மாதத்துக்கு மேல் நின்றுபோனால், உங்கள் வாரமே மாறிவிட்டது என்று பொருள். ஐந்தாம் படியை விட்டுவிட்டு, முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

இதழுக்கோ பதிப்பகத்துக்கோ ஒப்புக்கொண்ட தேதி தவறும் என்று தெரிந்த அன்றே எழுதித் தெரிவியுங்கள். காரணத்தை ஒரு வரியில் சொல்லி, புதிய தேதியைக் குறிப்பிட்டால் போதும். ஓவியரும் வடிவமைப்பாளரும் உங்கள் பிரதிக்காகத் தங்கள் நாட்களை ஒதுக்கியிருப்பார்கள். முன்னரே தெரிந்தால் அவர்கள் வேறு வேலையை எடுத்துக்கொள்ள முடியும். மௌனமாக இருந்துவிட்டுக் கடைசி நாளில் மன்னிப்புக் கேட்பவரிடம் அடுத்த வேலையைத் தரத் தயங்குவது இயல்பு.

வீட்டாரிடம் கேட்ட மூன்று மாதக் கெடு முடியும்போது, சுவர்க் காலண்டரின் அந்த மூன்று தாள்களையும் எதிரில் வைத்துக்கொண்டு மறுபடியும் பேசுங்கள். எத்தனை அமர்வு நடந்தது, யாருக்கு எந்த நாள் சிரமமாக இருந்தது, நீங்கள் ஈடாகச் செய்வதாகச் சொன்னதில் எது விடுபட்டது என்பதை முதலில் அவர்கள் சொல்லட்டும். பின்னர் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: நாளையோ நேரத்தையோ பங்கையோ மாற்றலாம், மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்பது தெரியாமல் போகும். புதிய தேதிகளைக் குறிக்கும்போது வீட்டாரின் தனி நேரங்களை முதலில் எழுதிவிட்டு, உங்களுடையதை அதன்பின் எழுதுங்கள்.